நாடா வெளியே இருக்கட்டும்!

கல்யாணப் பந்தி. ஒரு கையில் பாயச டம்ளர். இன்னொரு கையில் மொய்க் கவர். அந்த நேரம் பார்த்து இடுப்பில் வேஷ்டி லேசாக நழுவுகிறது... இந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு இரண்டு தடவை உண்டு. அந்த மூன்று விநாடிக்குள் ஒரு மனுஷன் எத்தனை தெய்வங்களைக் கூப்பிட முடியும் என்று கேட்டால், லிஸ்ட்டே எடுத்துக் கொடுப்பேன்.

அதே மூன்று விநாடியை, கங்கைக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அனுபவித்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரே ஒரு வித்தியாசம். வேஷ்டி அவிழ்ந்தால் மானம் போகும். இது அவிழாவிட்டால் உயிரே போகும்!

'இது' என்றால்? பாவாடை. சிரிக்காதீர்கள். முழுசாகச் சொல்கிறேன்.

காலேஜில் என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் இப்போது பாங்க்கில் இருக்கிறான். எல்.டி.சி. காலாவதியாகப் போகிறது என்று பதறிப்போய், "மாப்ளே, ரிஷிகேஷ் போறோம். கயாக் ஓட்டக் கத்துக்கறோம். அஞ்சு நாள் கோர்ஸ்" என்றான். எனக்குக் கயாக் என்றால் மெலிசான படகு என்பது மட்டும்தான் தெரியும். வீட்டில் கங்கா ஸ்நானம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். அம்மா மகிழ்ந்துபோய், கங்கா ஜலம் பிடித்து வர ஒரு பித்தளைச் செம்பைப் பையில் திணித்தாள். திருகு மூடி போட்டது.

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. டெல்லியிலிருந்து பஸ்ஸில் இன்னும் ஒரு ராத்திரி. ரிஷிகேஷில் இறங்கி பத்ரிநாத் போகிற ரோட்டில் சுமார் 16 கிலோமீட்டர் மேலே ஏறினால் சிவபுரி. இரண்டு பக்கமும் மலை. நடுவே பச்சைக் கண்ணாடியை உருக்கி ஊற்றின மாதிரி கங்கை. மேலே தேவப்ரயாகையில் பாகீரதியும் அலகநந்தாவும் கலந்து, அங்கேதான் கங்கை என்று பெயர் வாங்கிக்கொண்டு இறங்கி வருகிறாள். மார்ச் மாத வெயில் மண்டையைச் சுட்டது. காலைத் தண்ணீரில் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். ஐஸ்!

முன்பெல்லாம் இங்கே ஆற்று மணலிலேயே வரிசையாகக் கூடாரம் போட்டிருப்பார்களாம். 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்ட பிறகு அந்தக் கூடாரங்களெல்லாம் கரையை விட்டு மேலே ஏறிவிட்டன. எங்கள் கூடாரமும் ரோட்டை ஒட்டி மேலேதான். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் ஆறு பொங்கும் என்பதால் படகு விளையாட்டுக்கே லீவு. செப்டம்பரில் மறுபடி ஆரம்பம்.

கற்றுக்கொடுத்தவர் ஒரு கர்வாலிப் பையன். வயது இருபத்தைந்து இருக்கும். நாங்கள் அவரை 'மாஸ்டர்' என்றோம். அவர் எங்களை 'பாய் சாப்' என்றார். என் ஹிந்தியும் அவருடைய இங்கிலீஷும் பாதி வழியில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டன.

முதல் நாள் காலை என் கையில் ஒரு கறுப்புச் சமாச்சாரத்தைக் கொடுத்தார். மேலே இடுப்பளவுக்கு ஒரு குழாய். கீழே வட்டமாக அகன்ற துணி. ஓரம் பூரா எலாஸ்டிக். பேர் 'ஸ்ப்ரே ஸ்கர்ட்'. நண்பன் என்னைப் பார்த்தான். நான் நண்பனைப் பார்த்தேன்.

"டேய், இது பாவாடைடா!"

பாவாடையேதான். தலை வழியாகவோ கால் வழியாகவோ மாட்டிக்கொண்டு, படகுக்குள் உட்கார்ந்து, எலாஸ்டிக் ஓரத்தைப் படகின் வாய் விளிம்பைச் சுற்றி மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். அப்புறம் நீங்கள் வேறு, படகு வேறு இல்லை. இடுப்புக்குக் கீழே படகு, மேலே ஆள். அலை வந்து மேலே விழுந்தாலும் உள்ளே சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யாரோ டிசைனர் இல்லை. வடதுருவத்துப் பக்கம், கிரீன்லாந்து முதலான இடங்களில் வாழும் இனூயிட் மக்கள். சீல் வேட்டைக்குப் போகிற ஆண்களுக்குக் கயாக்கும் சரி, சீல் தோல் சட்டையும் சரி, தண்ணீர் புகாமல் தைத்துக் கொடுத்தவர்கள் வீட்டுப் பெண்கள். 'துய்லிக்' என்று ஒன்று. தலைமூடியோடு சேர்ந்த சட்டை. முகத்தைச் சுற்றி இறுக்கம், மணிக்கட்டில் இறுக்கம், கீழ் ஓரம் படகின் வாயைச் சுற்றி இறுக்கம். அந்தக் கடலில் விழுந்தால் குளிரே ஆளைக் கொன்றுவிடும். அதனால் படகை விட்டு வெளியே வருகிற பேச்சே கிடையாது. கவிழ்ந்தால் உட்கார்ந்த மேனிக்கே ஒரு சுற்றுச் சுற்றி நிமிர்ந்துவிடுவார்கள். அங்கே இன்றும் அதற்குப் போட்டியே நடக்கிறது. யோசித்துப் பாருங்கள், பெண்டாட்டி போட்ட தையல் ஒன்று விட்டுப்போனால் புருஷன் திரும்பி வரமாட்டான். அந்த ஊரில் யாராவது, "என்ன பெரிசா தைச்சுட்டே" என்று வீட்டில் வாய் திறந்திருப்பான் என்று நினைக்கிறீர்களா?

சரி, ரிஷிகேஷுக்கு வருவோம்.

மாஸ்டர் இரண்டு ரகம் வைத்திருந்தார். ஒன்று நைலான். லேசு, தொளதொள, மாட்டுவதும் கழற்றுவதும் சுலபம். இன்னொன்று நியோப்ரீன். ரப்பர் மாதிரி தடிமன். மத்தளத்தில் தோல் கட்டின மாதிரி விறைப்பாக நிற்கும். மாட்டுவதற்குள் விரல் நுனி செத்துப்போகும். "கரடுமுரடான தண்ணிக்கு இதுதான்" என்று நியோப்ரீனைக் காட்டினார்.

நான் நைலானை எடுத்துக்கொண்டேன். "நமக்கு எது கம்ஃபர்ட்டோ அதுதான்" என்று வெளியே சொன்னேன். உள்ளே வேறு காரணம்.

எட்டாம் வகுப்பு லீவில் கிராமத்துக் கிணற்றில் நீச்சல் பழகினேன். இடுப்பில் கயிறு கட்டி மாமா மேலிருந்து பிடித்துக்கொள்வார். ஒரு நாள் குதித்த வேகத்தில் கயிறு கிணற்றுச் சுவர்க் கல்லிடுக்கில் போய் மாட்டிக்கொண்டது. மேலே ஒரு முழம் தண்ணீர். வெளிச்சம் தெரிகிறது, போக முடியவில்லை. மாமா குதித்து வந்து கயிற்றை அறுத்து என்னைத் தூக்கினார். அன்றைக்குப் பிறகு தண்ணீருக்குள் என்னை எதோடும் கட்டிப்போடுவது என்றால், முப்பது தாண்டிய பிறகும் எனக்கு வயிற்றைக் கலக்கும். இதை நண்பனிடம்கூடச் சொன்னதில்லை.

முதல் இரண்டு நாள் அசையாத தண்ணீரில் பாடம். நைலான் பாவாடை சொர்க்கமாக இருந்தது. மாஸ்டர் கவிழ்த்துவிட்டால், நான் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். "பார்த்தியா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஓடுகிற தண்ணீர்.

இங்கே ஆறு பாறைமேல் விழுந்து குதிக்கிற இடங்களுக்கெல்லாம் பேர் வைத்திருக்கிறார்கள். ரிடர்ன் டு ஸெண்டர், ரோலர் கோஸ்டர், கால்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ், ஹில்டன்... ஏதோ பணக்காரன் டைரி மாதிரி இருக்கும். கால்ஃப் கோர்ஸ் என்றால் குழி நிறைய உண்டு என்று அர்த்தமாம். பாறையைத் தாண்டி விழுகிற தண்ணீர் கீழே போய்ச் சுருண்டு, விழுந்ததைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். அதுதான் குழி. எங்களை மாதிரி கத்துக்குட்டிகளுக்கு அங்கெல்லாம் அனுமதி இல்லை. பேரே இல்லாத ஒரு சின்னச் சலசலப்புதான் எங்களுக்கு.

அந்தச் சின்னச் சலசலப்பில் முழங்கால் உயரத்துக்கு ஒரு அலை எழுந்து, நேராக என் மடியில் வந்து உட்கார்ந்தது. தொளதொள நைலான் நடுவில் குழிந்தது. குழியில் தண்ணீர் தேங்கியது. தேங்கின கனத்தில் முன் ஓரம் 'படக்'கென்று கழன்றது. அப்புறம் என்ன? கங்கா மாதா உள்ளே குடிவந்துவிட்டாள்.

ராத்திரி நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். படகின் வாய் நீளம் சுமார் 85 சென்டிமீட்டர், அகலம் 50. முட்டை வடிவம், சரி, சுமார் 3,300 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் வெறும் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே 33 லிட்டர். அதாவது 33 கிலோ! இது சும்மா நிற்கிற தண்ணீர். மேலேயிருந்து விழுகிற தண்ணீரின் அடி இதைவிட அதிகம். ஒரு அரிசி மூட்டையை மடியில் போட்டால் எந்த நைலான் தாங்கும்? பி.காம். முதல் வருஷம் சொல்லிக்கொடுத்தார்களே... உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. உள்ளே வந்தது ஆறு. வெளியே போனது நான். அக்கவுண்ட் டேலி!

வெளியே வருவது சுலபமாகத்தான் இருந்தது. வந்த பிறகுதான் கஷ்டம். 'மல்லாக்கப் படு, காலை முன்னால் நீட்டு, கால் விரல் மேலே தெரியட்டும், எழுந்து நிற்காதே' என்று சொல்லியிருந்தார்கள். எழுந்து நின்றால் கால் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டு, ஓடுகிற தண்ணீர் ஆளை முன்னால் சாய்த்துவிடும். ஐஸ் தண்ணீரைக் குடித்துக்கொண்டே முழுத் தூரமும் அப்படியே போனேன். தண்ணீர் ரொம்பிய படகு என் பின்னாலேயே எருமை மாதிரி உருண்டு வந்து, முழங்காலில் ஒரு முட்டு முட்டியது. கரையில் இழுத்துப் போட்டபோது பல் தாளம் போட்டது.

மாஸ்டர் திட்டவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "பாய் சாப், ஏன் அந்த டைட்டானதைப் போடலே? பயமா?" என்று கேட்டார்.

கிணற்றுக் கதையைச் சொன்னேன். நண்பன் வாய் பிளந்து கேட்டான். மாஸ்டர் தலையாட்டினார். "பயம் நல்லதுதான். ஆனா லூஸா கட்டினா பயம் போகாது. கழட்டத் தெரிஞ்சாத்தான் போகும்."

நான்காம் நாள் பூராவும் அந்தப் பாடம்தான். உங்களில் யாராவது ரிஷிகேஷ் பக்கம் போனால் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் அளவு. பாவாடைக்கு இரண்டு அளவு உண்டு. இடுப்புக்கு ஒன்று, படகின் வாய்க்கு ஒன்று. இடுப்பு சரியாக இருந்து வாய் அளவு பெரிசாக இருந்தால், துணி தொய்ந்து தண்ணீர் தேங்கும். நடுவில் கையால் தட்டினால் 'டம்' என்று சத்தம் வர வேண்டும். இன்னும் முரட்டு ஆற்றுக்குப் போகிறவர்கள் உள்பக்கம் குறுக்கே ஒரு பட்டைக் கம்பி வைத்ததாக வாங்குகிறார்கள். துணி உள்வாங்காமல் அது முட்டுக்கொடுக்கும்.

ஓரத்திலும் இரண்டு வகை. எலாஸ்டிக் கயிறு கோத்தது ஒன்று. தடித்த ரப்பர் பட்டை வைத்தது இன்னொன்று. பட்டை உடும்புப்பிடி. ஆனால் மாட்டவும் கழற்றவும் கையில் பலம் வேண்டும்.

மாட்டும் முன் நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த நியோப்ரீன் சொன்ன பேச்சுக் கேட்காது. படகின் விளிம்புக்கு அடியில் மணல் ஒட்டியிருந்தால் துடைத்துவிட வேண்டும். பிறகு முதுகுப் பக்கம் முதலில். பின்னால் சாய்ந்து, பின் ஓரத்தை மாட்டி, இரண்டு முழங்கையாலும் அமுக்கிக்கொண்டே முன்னால் வர வேண்டும். அடுத்து முன் ஓரம். கடைசியில் பக்கவாட்டு. முன்னால் இழுக்கும்போது பின்னால் கழன்றுகொள்ளும். கட்டில் மெத்தைக்கு எலாஸ்டிக் விரிப்புப் போட்டவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

இடுப்புக் குழாயை நெஞ்சு வரை ஏற்றிவிட்டு, அதன்மேல் லைஃப் ஜாக்கெட். நாட்டு ஓடு வேய்கிற கணக்குதான். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிந்தால் தண்ணீர் வழிந்து ஓடும். மாற்றிப் போட்டால் வீட்டுக்குள் ஒழுகும்.

அலை வரும்போது நாற்காலியில் சாய்கிற மாதிரி பின்னால் சாயக் கூடாது. சற்று முன்னால் குனிந்து, துடுப்பைத் தண்ணீரில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கையைத் துணியில் ஊன்றவே கூடாது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் நியோப்ரீனுக்கு எமன்.

இதெல்லாம் இறுக்குகிற வித்தை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. முன் ஓரத்தில் ஒரு நாடா வளையம். பளிச்சென்று கலர் போட்டது. அதைப் பிடித்து முன்னால் தள்ளி மேலே இழுத்தால்தான் பாவாடை கழலும். அந்த நாடா எப்போதும், எப்போதும் வெளியே இருக்க வேண்டும். அவசரத்தில் ஓரத்தோடு சேர்த்து உள்ளே மடித்து மாட்டிவிட்டால் முடிந்தது கதை. பாவாடை நாடா உள்ளே போய்விட்டால் என்ன பாடு என்று வீட்டில் பெண்களைக் கேளுங்கள். அவர்களுக்காவது ஊக்கு இருக்கிறது. தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்குபவனுக்கு யார் ஊக்கு கொடுப்பது?

முதலில் கரையில், கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் பத்துத் தரம் கழற்றினேன். கரையில் வராதது ஆற்றில் வராது. பிறகு தண்ணீரில். மாஸ்டர் பக்கத்தில் நின்றார். "கவிழ்ந்ததும் முன்னால குனி. படகோட அடியை மூணு தட்டு. அப்புறம் நாடா."

கவிழ்ந்தேன்.

மூக்கில் ஐஸ். காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம். பச்சை வெளிச்சம். அதே கிணற்று வெளிச்சம்! மூன்று தட்டாவது, நாடாவாவது. கை நேராகத் தொடையைப் பிராண்டியது. நாடா இல்லை. மறுபடி பிராண்டினேன். இல்லை. பத்து வயசுக் குழந்தை மாதிரி உதறினேன். படகு என்னை விடுவதாக இல்லை. மூன்று விநாடிதான் ஆகியிருக்கும். எனக்கு மூன்று வருஷம்.

மாஸ்டர் கைகொடுத்து நிமிர்த்தினார். மூச்சு வாங்கினேன். அழுதேனா என்று தெரியவில்லை, முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது. அவர் சொன்னார்: "நாடாவைத் தேடாதே. இடுப்புக்கிட்ட விளிம்பைப் பிடி. கையை விளிம்போடயே முன்னால நகர்த்து. அது தானா நாடாகிட்ட கொண்டு விடும்."

இருட்டில் வீட்டு ஸ்விட்சைத் தேடும்போது என்ன செய்கிறோம்? சுவரைத் தடவிக்கொண்டு போகிறோம் அல்லவா? அதேதான். மறுபடி கவிழ்ந்தேன். மூன்று தட்டு. விளிம்பு. முன்னால்... முன்னால்... நாடா! ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. முழங்காலைத் தளர்த்தி, இடுப்பருகே கையை ஊன்றி, முன்பக்கமாகக் குட்டிக்கரணம் மாதிரி வெளியே வந்தேன். வானம் அவ்வளவு நீலமாக நான் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் இருபது தரம் கவிழ்ந்திருப்பேன். இருபதாவது தடவை, வெளியே வரும் அவசரமே இல்லாமல், உள்ளே இரண்டு விநாடி சும்மா தொங்கிப் பார்த்தேன். கிணற்றில் மாட்டின பையனிடம் கயிற்றின் முடிச்சை யாரோ கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் பிரம்மபுரியிலிருந்து கீழே. அதே டைட்டான பாவாடை. வரிசையாகப் படகுகள் தயார். எல்லோருக்கும் முன்னால் நண்பன், ஹீரோ மாதிரி துடுப்பை ஊன்றித் தள்ளுகிறான். தற்செயலாக அவன் மடியைப் பார்த்தேன். கறுப்புத் துணி இருக்கிறது. மஞ்சள் நாடா இல்லை!

"டேய்ய்! நாடா உள்ளே போயிருச்சுடா!"

கங்கைக் கரையே திரும்பிப் பார்த்தது. பாஷை புரிந்தது ஒரே ஒருவனுக்கு. குனிந்து பார்த்தவன் முகம் வெளுத்தது. கரைக்கு வந்து கழற்றி, மாட்டி, நாடாவை வெளியே எடுத்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹில்டனில் ஒரு அலை என் மடிமேல் வந்து விழுந்தது. பேர்தான் ஹில்டன், ரூம் சர்வீஸெல்லாம் கிடையாது. 'டம்' என்று ஒரு சத்தம். துணி விறைத்து நின்றது. தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. உள்ளே என் தொடை காய்ந்த சப்பாத்தி மாதிரி இருந்தது! திரும்பிப் பார்த்தேன். நண்பனின் படகு வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. ஒரு தட்டு. இரண்டு. மூன்று. என் மூச்சு நின்றது. அப்புறம், பத்தடி தள்ளி ஒரு தலை. தண்ணீரைத் துப்பிக்கொண்டே ஒரு கையை உயர்த்தினான்.

கரையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் கழித்து, "மாப்ளே, ஊருக்குப் போனதும் என் பொண்டாட்டிகிட்ட இதைச் சொல்லிடாதே" என்றான். சொல்லவில்லை. பத்திரிகையில் எழுதக் கூடாது என்று அவன் சொல்லவில்லையே!

வீட்டுக்கு வந்ததும் அம்மா செம்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"மூடி ரொம்ப இறுக்கமா இருக்கேடா?"

"இறுக்கமாத்தாம்மா இருக்கணும்" என்றேன். "ஆனா, திறக்க வருதான்னு ரயில் ஏறும்போதே ரெண்டு தரம் பார்த்துட்டேன்."